பெருமாள் அண்ணாச்சியின் தண்ணீர் மணி

நான் ஒரு சிறுநீரகம். தயவுசெய்து முகத்தைச் சுளிக்க வேண்டாம். இதயம் என்றால் மட்டும் உங்களுக்கு இனிக்கிறது. படம் வரைந்து அம்பு விடுகிறீர்கள். அது செய்வது ஒரே வேலை. அதையும் லப் டப் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டே செய்யும். உடம்புக்குள் எது இருக்கலாம், எது கிளம்ப வேண்டும் என்று நாள் முழுக்கப் பஞ்சாயத்து பண்ணுகிற எங்களை ஒருவரும் கண்டுகொள்வதில்லை.

அதிலும் நான் பிறவிச் சிறுநீரகம் இல்லை. சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி. தூத்துக்குடி உப்பள முதலாளி சிவனணைந்த பெருமாளின் வலது விலாவுக்குக் கீழே குடியிருக்கிறேன். வீட்டில் எனக்குப் பெயர் ‘பெட்டி’. அண்ணாச்சியின் காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பொட்டுச் சில்லு வழியாக ஊர்ப்பேச்சைக் கேட்பேன், அவரோடு மட்டும் ரகசியமாகப் பேசுவேன். தேவைப்பட்டால் செல்போன் வழியாக எல்லோருக்கும் கேட்கிற மாதிரியும் பேசுவேன்.

இது தவிர எனக்கு ஒரு மணி உண்டு. உடம்புக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் அண்ணாச்சியின் வயிற்றுக்குள்ளிருந்து சைக்கிள் மணி மாதிரி ‘க்ளிங் க்ளிங்’ என்று அடிப்பேன். மற்றவர்களுக்கெல்லாம் தாகம் போதும். அண்ணாச்சியின் தாகத்தை நம்ப முடியாது. உப்பளத்தில் வெயிலோடு வெயிலாக நின்று, தொண்டை கேட்டபோதெல்லாம் ‘பொறு, பொறு’ என்று சொல்லியே பிறவிச் சிறுநீரகம் இரண்டையும் காயப் போட்டவர் அவர். அதனால்தான் எனக்கு மணி கட்டினார்கள். கூடவே ஒரே ஒரு சட்டமும் போட்டார்கள்: உடம்பைப் பற்றி ஒருநாளும் பொய் சொல்லக் கூடாது.

நான் இங்கே வந்து சேர்ந்த கதையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சண்டையே அதில்தான். அண்ணாச்சிக்கு ஐகோர்ட்துரை என்று ஒரு சிநேகிதர். அந்தப் பெயரை அவருடைய அப்பா ஏதோ வழக்கில் ஜெயித்த சந்தோஷத்தில் வைத்தாராம். இரண்டு பேரும் மச்சான், மச்சான் என்று ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அண்ணாச்சிக்குச் சிறுநீரகம் போனபோது, “என்கிட்ட ரெண்டு இருக்குல்லா, ஒண்ண எடுத்துக்க மச்சான்” என்று துரை முந்திக்கொண்டு சொன்னார். ரத்தம் பொருந்தியது. அனுமதி கிடைத்தது. அறுவை சிகிச்சை அன்று காலையில் செவிலி ஊசியோடு போனால் துரையின் கட்டில் காலி. ஆஸ்பத்திரியின் பச்சை அங்கியோடு பின்வாசல் வழியாக ஓடி, திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அப்புறம்தான் டாக்டர்கள், “புதுசா ஒரு கருவி வந்திருக்கு, பார்ப்போமா?” என்று என்னைக் கொண்டுவந்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அண்ணாச்சி சொன்ன முதல் வார்த்தை என் காதில் அப்படியே இருக்கிறது. “இனி அவன் வீட்டுப் பச்சத்தண்ணி என் தொண்டையில இறங்காது.”

வருஷங்கள் ஓடின. துரை நேரில் வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணாச்சி அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. அப்படியிருக்க, அண்ணாச்சியின் மகன் செந்தூர்ப்பாண்டியும் துரையின் மகள் பூரணியும் ஒருவரை ஒருவர் விரும்பித் தொலைத்தார்கள். பாண்டிக்கு என்னைப் போன்ற பெட்டிகளைப் பழுது பார்க்கிற வேலை. பூரணி கடல்நீரைக் குடிநீராக்குகிற ஆலையில் இன்ஜினியர். உப்பைப் பிரிப்பதுதான் இரண்டு பேருக்கும் தொழில். எனக்கென்னவோ அந்தப் பொருத்தம் ரொம்பப் பிடித்திருந்தது.

அண்ணாச்சியின் மனைவி உலகம்மாள் ஒரு மாதம் சமைக்கிற போதெல்லாம் பாத்திரங்களை உருட்டினார். கடைசியில் அண்ணாச்சி இறங்கி வந்தார்.

“சரி. பொண்ணு பாக்க வாரேன்.”

உலகம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்குத்தான் சந்தேகம். அவர் அதைச் சொன்னபோது ரத்த அழுத்தம் ஏறியிருந்தது.

அன்று மத்தியானமே குட்டு உடைந்தது. உலகம்மாள் பூ வாங்கப் போன நேரம் பார்த்து அண்ணாச்சி என்னிடம் பேசினார்.

“ஏல பெட்டி. நாளைக்கி அவன் வீட்டுக்குப் போறோம். அவன் தண்ணி கொண்டாந்து நீட்டுவான். நான் அவன் மூஞ்சியப் பாத்து, வேண்டாம்னு சொல்லணும். அதுக்குத்தான் போறேன். நீ தண்ணிய இறுக்கிப் பிடிச்சு வச்சுக்கிடணும். என்ன வெயில் அடிச்சாலும் மணி அடிக்கப்பிடாது.”

எங்கள் பக்கத்து வழக்கம் இது. பெண் பார்க்கப் போன இடத்தில் சம்மதம் என்றால்தான் கை நனைப்பார்கள், அதாவது சாப்பிடுவார்கள். சம்மதம் இல்லாதவர்களாவது தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, ‘சொல்லி அனுப்புதோம்’ என்று எழுந்து வருவார்கள். அண்ணாச்சிக்கு அதுவும் கூடாதாம்.

“பிடிக்க முடிஞ்ச அளவு பிடிக்கேன் அண்ணாச்சி,” என்றேன். “வேர்வையில தண்ணி கொறஞ்சா ரத்தத்துல உப்பு ஏறும். உடனே மூளை ஒரு சேதி அனுப்பும், தண்ணிய விடாதன்னு. நான் வடிகட்டினதுல பெரும்பகுதிய திருப்பி ரத்தத்துக்கே குடுத்துருவேன். ஆனா கழிவு கரைஞ்சு வெளிய போகணும்னா கொஞ்சமாவது தண்ணி வேணும். அதுக்கும் கீழ போச்சுன்னா மணி அடிப்பேன். அதுல சமாதானம் கிடையாது.”

“அப்பம் கெளம்புததுக்கு முன்னாலயே வயிறு முட்டக் குடிச்சிட்டுப் போனா?”

“மணி அடிக்காது.”

“முடிஞ்சிது சோலி!” என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். சின்னப் பிள்ளை மாதிரி ஒரு சந்தோஷம். எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அவர் தூங்கிய பிறகு செல்போன் வழியாக இன்னொரு குரல் வந்தது. பாண்டி. என்னைப் பழுது பார்க்கிறவன் என்பதால் என் உள்ளே வருகிற சாவி அவனிடம் உண்டு.

“பெட்டி, ஒரு உபகாரம் செய்யணும். நாளைக்கி போற வழியில அப்பாட்ட இருக்க தண்ணிய கொஞ்சம் தாராளமா வெளிய விடு. அங்க போய் உக்காரும்போது மணி அடிக்கணும். வேற வழியில்லாம குடிச்சிருவாரு. குடிச்சிட்டாருன்னா பாதி கல்யாணம் முடிஞ்ச மாதிரி.”

“மாட்டேன்.”

“ஒரு அரை லிட்டர்தான்!”

“பாண்டி, உனக்குத் தெரியாததா? தண்ணி மட்டும் தனியாப் போகாது, கூட உப்பையும் இழுத்துட்டுப் போகும். வெயில்ல ரத்த அழுத்தம் இறங்கி, அவரு பொண்ணு வீட்டு வாசல்லயே மயங்கி விழுந்தா என்ன செய்வ? நான் மணியடிக்க, ஊரு சங்கு ஊதணுமா?”

“சாவி என்கிட்ட இருக்கு. நானே மாத்திட்டா?” என்றான். குரலில் மிரட்டல் இல்லை, அழுகைதான் இருந்தது.

எனக்குப் பக்கத்துத் தெருப் பெட்டி ஞாபகம் வந்தது. அங்கே ஓய்வுபெற்ற ஒரு தமிழ் வாத்தியார். அவர் பெட்டிச் சாவி வெளிநாட்டில் இருக்கும் மகனிடம். அப்பா மேல் அக்கறை அவனுக்கு. வாத்தியார் ஒரு துண்டு ஊறுகாயைத் தொட்டால் அங்கே அவனுக்குத் தெரியும், இங்கே போன் அடிக்கும். மனிதர் இப்போது கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டார். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. அவர்தான் அதில் வாடகைக்கு இருப்பவர் போல ஆகிவிட்டார்.

“மாத்தலாம்,” என்றேன். “ஆனா அப்புறம் நான் உங்கப்பாவோட கிட்னி இல்ல, உன்னோட ரிமோட்டு. அவரு வயித்துக்குள்ள நீ உக்காந்திருப்ப. அது அவருக்குத் தெரியாது. அப்படி நடந்த கல்யாணத்துல உனக்கு நிம்மதியா சோறு இறங்குமா?”

பாண்டி நல்ல பையன். சாவியைத் தொடவில்லை. “சவத்த விடு, நடக்கது நடக்கட்டும்” என்று போனை வைத்தான்.

சாயங்காலம் அண்ணாச்சி எழுந்ததும் கேட்டார். “நான் தூங்கயில யாருட்டயோ பேசுன மாதிரி இருந்துச்சே?”

பொய் சொல்லக் கூடாது. அதுவும் அவர் உடம்பு சம்பந்தப்பட்டது. சொல்லிவிட்டேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. வெகுநேரம் உப்பளத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கடைசியில செய்யலயா அவன்?”

“செய்யல.”

“அந்தப் பிள்ள மேல அவ்வளவு பிரியமால அவனுக்கு?”

“அது என் துறை இல்ல அண்ணாச்சி. மேல இருக்கவன்ட்ட கேளுங்க, லப் டப்புன்னு ஏதாவது சொல்லுவான்.”

அவர் சிரிக்கவில்லை.

ஆனாலும் பிடிவாதம் பிடிவாதம்தானே. மறுநாள் கிளம்புமுன் ஒரு பெரிய செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். அதன்மேல் இரண்டு இளநீர். உலகம்மாள் அதிசயமாகப் பார்த்தார். “என்னங்க இது, ஒட்டகம் மாதிரி?” அண்ணாச்சி மீசையைத் துடைத்துக்கொண்டு தானாக ஓடும் வண்டியில் ஏறினார்.

அவர் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. நான் சொல்லித்தான் பார்த்தேன். உடம்புக்குத் தேவைக்கு மேல் தண்ணீர் வந்தால் நான் என்ன செய்வேன்? பிடித்து வைக்க மூளை சேதி அனுப்பாது. வந்ததைக் கீழே சிறுநீர்ப் பைக்கு அனுப்பிக்கொண்டே இருப்பேன். அப்படிப் பைக்குப் போனது போனதுதான், அதை உடம்பு திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது. வண்டி துரை வீட்டு வாசலில் நின்றபோது பை முக்கால்வாசி நிறைந்திருந்தது.

“அண்ணாச்சி, உள்ள போனதும் பாத்ரூம் போயிருங்க,” என்று காதில் சொன்னேன்.

“அவன் வீட்டுத் தண்ணியும் வேண்டாம், அவன் வீட்டுப் பாத்ரூமும் வேண்டாம்,” என்று பல்லைக் கடித்தார்.

துரை வாசலிலேயே நின்றிருந்தார். புது வேட்டி, முகமெல்லாம் வேர்வை. ஆள் மெலிந்திருந்தார். “வா மச்” என்று தொடங்கி, பாதியில் விழுங்கி, “வாங்க, வாங்க” என்றார். அண்ணாச்சி ஒரு தலையசைப்போடு உள்ளே போய் நாற்காலியில் அமர்ந்தார்.

பூரணி ஒரு தட்டில் தண்ணீர்த் தம்ளர்களோடு வந்தாள். உலகம்மாள் வாங்கிக்கொண்டார். பாண்டி வாங்கிக்கொண்டான். அண்ணாச்சி முறை வந்தது. அவர் இத்தனை வருஷமாகக் காத்திருந்த நிமிஷம்.

துரையின் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார். “வேண்டாம்மா. வீட்லயே குடிச்சிட்டு வந்துட்டேன்.”

துரையின் தலை குனிந்தது. அண்ணாச்சிக்கு ஆனந்தமாக இருக்கும் என்று நினைத்தேன். ரத்தத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

பூரணி நகரவில்லை. “குடிக்க வேண்டாம் மாமா. கையில மட்டும் வாங்கிக்கிடுங்க. எங்க ஆலையில நான் உப்பு எடுத்த தண்ணி இது, நல்லாருக்கான்னு சும்மா பாருங்க,” என்றாள். அவள் குரலில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. அண்ணாச்சி என்ன செய்வதென்று தெரியாமல் தம்ளரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். நிறைந்த பையோடு உட்கார்ந்திருக்கிறவர் கையில் தண்ணீர்த் தம்ளர். கால் மேல் கால் போட்டார். மாற்றிப் போட்டார்.

அப்போதுதான் துரை பேசினார்.

“நான் ஒண்ணு சொல்லிக்கிடுதேன். எம் பொண்ணும் கேட்டுக்கிடட்டும். அன்னைக்கி எனக்கு பிரஷர் கூடிட்டு, டாக்டர் வேண்டாம்னுட்டாருன்னுதான் வீட்ல சொல்லிருந்தேன். பொய். நான் பயந்து ஓடினேன். அந்த ஊசியப் பாத்ததும் எங்கால் என் பேச்சக் கேக்கல. திருச்செந்தூர் போய் எறங்கி, கடலப் பாத்துட்டு அழுதேன் மச்சான். போகையில கூட்டத்தோட ஏறிட்டேன். திரும்பி வரலாம்னு பாத்தேன், போட்டிருந்தது ஆஸ்பத்திரி அங்கி, பின்னால கயிறு மட்டும்தான், ஒருத்தனும் பஸ்ல ஏத்தல.”

பாண்டிக்குச் சிரிப்பு முட்டியது, உலகம்மாள் முழங்கையால் இடித்தார். துரை கண்ணைத் துடைத்துக்கொண்டே தொடர்ந்தார். “அதுக்கப்புறம் உன் முன்னால வர வெக்கமாயிருந்துச்சு. நாள் போகப் போக வெக்கம் பெரிசாயிட்டே போச்சு. எம் மேல இருக்க கோவத்த எம்மேலயே வச்சுக்க. பிள்ளைய என்ன செஞ்சுது?”

அண்ணாச்சி தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அழுகை வரப்போகிறது என்பது மூச்சிலேயே தெரிந்தது. ஆனால் வெளியே வேறு மாதிரிதான் வந்தது.

“நல்லவேளை ஓடினல. உன் கிட்னிய வச்சிருந்தா அதுவும் பாதியில எறங்கி ஓடிருக்கும்.”

துரைதான் முதலில் சிரித்தார். மூக்கு ஒழுக ஒழுகச் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியபோது சமையலறையிலிருந்து ஒரு வாசனை வந்திருக்க வேண்டும். எனக்கு மூக்கு கிடையாது. ஆனால் அண்ணாச்சி இரண்டு தடவை ஆழமாக மூச்சிழுத்தார். “கருவாடா?” என்றார்.

துரையின் மனைவி உள்ளேயிருந்து நொந்துகொண்டார். “நல்ல காரியத்துக்குப் போய்க் கருவாட்டுக் கொழம்பு வைக்கச் சொல்லுதாவ. சொன்னாக் கேட்டாத்தான!”

“அவனுக்குப் பிடிக்கும்ட்டி,” என்றார் துரை மெதுவாக.

அண்ணாச்சி செருமினார். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு என்னைத் தட்டிக் காட்டி, “என்ன செய்ய? இந்தப் பெட்டிக்குத் தண்ணி வேணுமாம். மணியடிச்சிட்டு. டாக்டர் சொல்லத் தட்ட முடியுமா?” என்றார்.

உலகம்மாள் வெள்ளை மனசுக்காரி. “மணி அடிக்கலியேங்க?” என்றார்.

எல்லோர் கண்ணும் அண்ணாச்சியின் வயிற்றில், அதாவது என்மேல். பாண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். துரையின் முகத்தில் இப்போதுதான் வந்திருந்த சிரிப்பு மெல்லப் போகத் தொடங்கியது. அண்ணாச்சியின் காது சூடேறியது. இன்னும் ஒரு நொடி போனால் அந்த மனிதர் கூச்சத்திலேயே எழுந்து வெளியே போய்விடுவார். நான் அவரை அறிவேன்.

பொய் சொல்லக் கூடாது என்பது சட்டம். நான் ரத்தத்தை இன்னொரு முறை பார்த்தேன்.

க்ளிங் க்ளிங்!

“இந்தா, அடிச்சிட்டுல்லா!” என்று அண்ணாச்சி தம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். கடைசிச் சொட்டு வரை. தொண்டையில் இறங்கியது. நான் சாட்சி. உலகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பாண்டி என்னைப் பார்த்துக் கண்ணடித்தான், தனக்காகச் செய்தேன் என்று நினைத்து.

துரை நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்து, அண்ணாச்சியின் வயிற்றுக்கு நேரே குனிந்தார். “பெட்டி, உனக்கும் எம் மேல கோவமா?”

செல்போன் வழியாக எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். “எனக்கென்ன கோவம், துரை அண்ணாச்சி? அன்னைக்கி நீங்க ஓடலன்னா எனக்கு இந்த வேலையே கெடச்சிருக்காது.”

இலை போட்டார்கள். அண்ணாச்சி கை நனைத்தார். நனைத்தார் என்பது குறைவு, முழங்கை வரை குழம்பு ஓடியது. நடுவில் வாயைத் துடைக்கிற சாக்கில் என்னிடம் கிசுகிசுத்தார்.

“ஏல, பொய் சொல்லமாட்டேன்னியே. எனக்கு எங்க தாகம் இருந்துச்சு? முட்டிக்கிட்டுல்லா இருக்கேன்?”

“பொய் இல்ல அண்ணாச்சி. கருவாட்டு வாசன வந்ததும் உங்க வயித்துல அமிலம் சுரக்க ஆரம்பிச்சிட்டு. அது சுரந்தா ரத்தம் கொஞ்சம் மாறும், எனக்குத் தெரியும். நீங்க வாயத் தெறக்குததுக்கு முன்னாலயே உடம்பு முடிவு பண்ணிட்டு, இன்னைக்கி இங்க சாப்பாடுன்னு. இவ்வளவு உப்பு வரப்போகுது, அதக் கரைக்கத் தண்ணி வேண்டாமா? பையில இருக்கது எனக்கு உதவாது. அதான் முன்கூட்டியே அடிச்சேன்.”

அவர் ஒரு கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். “அப்பம் நான் மனசு மாறினது எனக்கு முன்னால உனக்குத் தெரிஞ்சிருக்கு.”

“உங்களுக்குப் பிறகுதான் அண்ணாச்சி. நேத்து சாயங்காலமே மாறிட்டிய. எனக்கு இன்னைக்கித்தான் தெரிஞ்சுது.”

அண்ணாச்சி கவளத்தை வாயில் போட்டுக்கொண்டார். “துரை, இன்னும் ரெண்டு துண்டு வையி” என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. பொட்டாசியம் பரவாயில்லாமல் இருந்தது.

கை கழுவியதும் அண்ணாச்சியின் முகம் மாறியது. வெற்றிலைத் தட்டைக்கூடப் பார்க்காமல் விடுவிடுவென்று பின்கட்டுக்குப் போனார். யாரிடமும் வழி கேட்கவில்லை. அந்த வீட்டில் அவருக்கு எதற்கு வழி? நேரே போய்க் கோடியிலிருந்த கதவைத் திறந்தார். உள்ளே தேங்காயும் பழைய பாத்திரங்களும் அடுக்கியிருந்தன.

“மச்சான், அது இப்பம் ஸ்டோர் ரூமு,” என்று துரை பின்னாலேயே ஓடிவந்தார். “பாத்ரூம அந்தப் பக்கம் மாத்திட்டோம். நாலஞ்சு வருசமாச்சு.”

அண்ணாச்சி திரும்பினார். என் கணக்குப்படி ஒரு நொடிகூடத் தாங்கக்கூடிய நிலை இல்லை. ஆனாலும் நின்றார். அன்று முழுக்க வராத கோபம், துரை ஓடிப்போனதைப் பற்றிப் பேசும்போதுகூட வராத கோபம், இப்போது வந்தது.

“மாத்தினியே, எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியால நீ?”

துரை கையை நீட்டி வழி காட்டினார்.

இந்தத் தடவை ஓடியது பெருமாள் அண்ணாச்சி.